டெட்ராய்ட்டில் நல்ல சாப்பாடும் நல்ல பீட்சாவும் எங்கே கிடைக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருந்தவர், டெட்ராய்ட்டுக்கு மாற்றலாகி, அதன் புறநகரான நோவையில் வீடு எடுத்திருக்கிறீர்கள். கூகுளில் எந்தக் கடையைத் தட்டினாலும் நாலரை நட்சத்திரம், போய் உட்கார்ந்தால் எல்லாம் ஒரே ருசி. உள்ளூர்க்காரர்கள் உண்மையில் எங்கே சாப்பிடுகிறார்கள், டெட்ராய்ட் பீட்சா என்று பெரிதாகச் சொல்கிறார்களே அது எங்கே நன்றாக இருக்கும், மே மாதம் வரப்போகும் சுத்த சைவ அப்பா அம்மாவை எங்கே அழைத்துப் போகலாம். கடைப் பெயர் நாலு சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நீங்கள் இங்கே சில வருஷமாவது இருப்பீர்கள். அந்த நாலு கடையும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால் தேடும் விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் படித்தது உலோகவியல். இங்கே வடக்குப் புறநகரில் தகடு அடிக்கும் ஸ்டாம்பிங் ஆலைகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு ஆலை ஆட்களோடு போய்ப் போய்த்தான் இந்த ஊரின் கடைகள் பழகின. வீட்டில் டெட்ராய்ட் பீட்சா சுடும் பழக்கமும் உண்டு. மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, கோழி, மீன் மட்டும்தான். ஆகவே பெப்பரோனியைப் பற்றியும் இங்கத்திய கோனி ஹாட்டாக் பற்றியும் நான் சொல்வது மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

முதலில் நோவையில் ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், அது மால்களும் அகலச் சாலைகளும் வந்தபின் வளர்ந்த ஊர். அங்கே வாடகை கட்டித் தாக்குப்பிடிப்பவை பெரும்பாலும் கிளைக்கடைகள்தான். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் நல்ல சாப்பாடு, ஆலை வேலைக்கு ஆட்கள் வந்து குடியேறிய இடங்களில் இருக்கிறது. 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தபின் உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். போலந்துக்காரர்கள் டாட்ஜ் ஆலையைச் சுற்றி ஹாம்ட்ராமிக்கில் குவிந்தார்கள். லெபனான்காரர்கள் முதலில் ஹைலண்ட் பார்க் ஆலைப் பக்கம் இருந்து, ஃபோர்டு ரூஜ் ஆலைக்கு மாறியபோது கூடவே டியர்போர்னுக்குப் போனார்கள். மெக்சிகோக்காரர்கள் தென்மேற்கு டெட்ராய்ட்டில் தங்கினார்கள். டாட்ஜ் ஆலை 1980இல் மூடிப் போயிற்று. சமையல் அங்கேயே நின்றுவிட்டது. எனவே ஒரு கடையைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது நட்சத்திரத்தை இல்லை, அந்தக் கடை யாருடைய தெருவில் இருக்கிறது என்பதைத்தான்.

சரி, பீட்சா. மிட்வெஸ்ட் என்றாலே சிகாகோவின் டீப் டிஷ்தான் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தடிமன் என்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது. சிகாகோவில் மாவு ஒரு கிண்ணம் மாதிரி, உள்ளே சீஸும் சாஸும் நிறைந்திருக்கும், கத்தி முள்கரண்டி இல்லாமல் ஆகாது. டெட்ராய்ட் பீட்சாவில் மாவுதான் ரொட்டியாக உப்பி எழும். சதுரமாக வெட்டிக் கையில் எடுத்துச் சாப்பிடலாம், தடிமனாக இருந்தாலும் வயிற்றில் கல்லாக உட்காராது.

இது தொடங்கிய இடமும் வருஷமும் சந்தேகமில்லாதவை. 1946, கோனன்ட் சாலையும் சிக்ஸ் மைல் சாலையும் சந்திக்கும் முனை, பட்டீஸ் ராண்டேவூ என்ற மதுக்கடை, அதை நடத்தியவர் கஸ் கெர்ரா. சுட்டது ஆலைகளில் புழங்கிய நீல எஃகுத் தட்டில் என்பதும் நிச்சயம். சந்தேகம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அந்தத் தட்டு சின்ன உதிரிபாகங்கள் போட்டு வைத்ததா, எண்ணெய் சொட்டுவதைப் பிடிக்க இயந்திரத்தின் அடியில் வைத்ததா என்று இரண்டு கதை உண்டு. மாவுப் பக்குவம் கெர்ராவின் மாமியாருடையது என்பார்கள் சிலர், கடையில் வேலை பார்த்த பெண்மணியுடையது என்பார்கள் வேறு சிலர். மதுக்கடையில் பிறந்த எல்லாவற்றுக்கும் இப்படி ஏழெட்டு அப்பன் இருப்பார்கள். நீங்கள் கேட்கும் கதையை ரசியுங்கள், பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.

தட்டைப் பற்றி நான் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம், அது என் தொழில். நீல எஃகு என்பது தனி உலோகம் ஒன்றும் இல்லை. சாதாரண கார்பன் எஃகுத் தகட்டைச் சூடாக்கும்போது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் நீலமாகப் படியும். அந்தக் கருமை அடுப்பின் கதிர்வீச்சுச் சூட்டை நன்றாக உறிஞ்சும். தகடும் கனம், பதினாலுக்குப் பத்து அங்குலம், இரண்டரை அங்குல உயரத்துக்குச் சரிந்த சுவர். எண்ணெய் தடவிய அந்தத் தட்டில் மாவின் அடிப்பாகம் வேகிறது என்பதைவிடப் பொரிகிறது என்பதுதான் சரி. பளபளப்பான அலுமினியத் தட்டில் இதையே செய்தால் அடி வெளுத்துத் தளர்ந்து கிடக்கும். இப்போது பல கடைகளில் அடர் நிறப் பூச்சு ஏற்றிய அலுமினியத் தட்டுகள் வந்துவிட்டன. துரு பிடிக்காது, கழுவுவது சுலபம், பழக்க வேண்டியதும் இல்லை. அவற்றில் சுட்டது மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் எனக்கு வித்தியாசம் தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

ருசியின் பாதி சீஸில் இருக்கிறது. இங்கே போடுவது மொசரெல்லா இல்லை, விஸ்கான்சின் பிரிக் சீஸ். 1877இல் ஜான் ஜாசி என்ற சுவிஸ்காரர் விஸ்கான்சினில் செய்தது, அமுக்குவதற்குச் செங்கல்லைப் பாரமாக வைத்ததால் அந்தப் பெயர். கொழுப்பு அதிகம். அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டித் தட்டின் சுவரைத் தொடும்வரை பரப்புவார்கள். சூட்டில் உருகிய சீஸ் மாவுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, தன் கொழுப்பிலேயே பொரிந்து, கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய் காய்ச்சிய சட்டியில் அடியில் கிடைக்குமே நெய்க் கசண்டு, அந்த மணமும் லேசான கசப்பும் அப்படியே இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து ஓரம் கருகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் அந்த ஓரத்துக்குத்தான் சண்டை போடுகிறார்கள். சாஸ் எல்லாவற்றுக்கும் மேலே, பட்டை பட்டையாக ஊற்றியிருப்பார்கள். மாவு சாஸில் ஊறிச் சொதசொதக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஒரு கடையைச் சோதிக்க வேண்டுமானால் முதல் தடவை மேலே எதுவும் இல்லாத வெறும் சீஸ் பீட்சாவைச் சொல்லுங்கள். காய்கறியும் ஆலிவும் குவிந்திருந்தால் குறை தெரியாது. வந்ததும் மூலைத் துண்டை எடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராகப் பொன்னிறமாக, தட்டினால் சத்தம் வரும்படி இருக்க வேண்டும். உள்ளே பெரிதும் சிறிதுமாகக் காற்றுக் குழிகள் இருந்தால் மாவில் தண்ணீர் தாராளமாக இருந்திருக்கிறது, பொறுமையாகப் பொங்க விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழியே இல்லாமல் பன் மாதிரி நெருக்கமாக இருந்தால் அவசர மாவு. ஓரம் தோல் மாதிரி இழுபட்டால் சீஸில் கை வைத்துவிட்டார்கள்.

கடைகள். கோனன்ட் முனையில் இருக்கும் பழைய பட்டீஸ் இன்னும் நடக்கிறது, ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும். டியர்போர்ன், லிவோனியா, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று கிளைகள் நிறைய. பழைய கடையில் சுட்டதுதான் ருசி என்று இங்கே எல்லோரும் சத்தியம் செய்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அது பழகிய தட்டினாலா, அவ்வளவு தூரம் பசியோடு போவதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கெர்ரா 1953இல் பட்டீஸை விற்றுவிட்டு, இன்று ஈஸ்ட்பாயின்ட் என்று சொல்லும் ஊரில் க்ளோவர்லீஃப் கடைக்குப் போனார். அதுவும் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஹேசல் பார்க்கில் இருக்கும் லூயிஸ்தான் முதலிடம். 1977இல் திறந்த கடை, நிறுவியவர் பட்டீஸ் அடுப்பில் தொழில் பழகியவர். சுவரைச் சுற்றி வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்ட கியான்டி ஒயின் குப்பிகள் தொங்கும், விளக்கு மங்கல், மேஜை நெருக்கம். ஓரம் மற்ற இடங்களைவிட ஒரு பங்கு கூடுதல் முறுகல். அலங்காரமான இடம் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது.

வார நாளில் குழந்தைகள் பீட்சா கேட்டால் அவ்வளவு தூரம் போக முடியாது. அதற்கு ஜெட்ஸ் இருக்கிறது. 1978இல் ஸ்டெர்லிங் ஹைட்ஸில் ஆரம்பித்த சங்கிலிக் கடை, புறநகர் முழுக்கக் கிளைகள். எட்டு மூலை பீட்சா என்று கேளுங்கள். இரண்டு சின்னத் தட்டில் நாலு நாலு துண்டாக வருவதால் எல்லோருக்கும் மூலை கிடைக்கும், வீட்டில் சமாதானம் நிலவும். மெல்லிய பீட்சாதான் பிடிக்கும் என்றால் ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் சுப்பீனோ. சனிக்கிழமை காலை சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அங்கே போய் உட்காரலாம், அது டெட்ராய்ட் பாணி இல்லை, ஆனால் நல்ல பீட்சா. நம் ஊரில் பிறந்தநாளுக்கு வரவழைக்கும் டாமினோஸ் 1960இல் இப்சிலான்டியிலும், லிட்டில் சீசர்ஸ் 1959இல் கார்டன் சிட்டியிலும் தொடங்கியவை, இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். போய்ப் பார்க்க எதுவும் இல்லை, சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த பீட்சாவை பார்சல் வாங்கி நோவை வரைக்கும் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தால், பெட்டிக்குள் ஆவி அடைத்து ஓரம் நமுத்துப்போகும். கடையிலேயே சாப்பிடுங்கள். வேறு வழியில்லை என்றால் பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரும்புத் தோசைக்கல்லில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் சில நிமிஷம் வைத்தால் அடி திரும்ப மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம்.

பழைய பட்டீஸ் இருக்கும் கோனன்ட் சாலையில் தெற்கே இறங்கினால் ஹாம்ட்ராமிக் வந்துவிடும். டெட்ராய்ட்டின் வயிற்றுக்குள் இருக்கும் தனி நகராட்சி, ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். ஒரு மதியத்தை அங்கே கழித்தால் இந்த ஊரின் சாப்பாடு பிடிபடும். யெமன்ஸ் தெருவில் படியிறங்கிப் போகும் போலிஷ் வில்லேஜ் கஃபேயில் ஊறுகாய் வெள்ளரிக்காய் சூப், உருளைக்கிழங்கு அடை, பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை. கோனன்ட் சாலையில் பங்களாதேஷ்காரர்களின் மிட்டாய்க் கடைகளும் பிரியாணிக் கடைகளும். ஜோசஃப் காம்போ பக்கம் ஏமன் நாட்டுக் கடைகளில் தட்டை மறைக்கும் அளவு ரொட்டியும் மண்சட்டியில் கொதித்தபடி வரும் குழம்பும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பூன்ச்கி என்ற ஜாம் அடைத்த போலந்து டோனட்டுக்கு விடியுமுன்னே, பனியில் வரிசை நிற்கும். அதில் முட்டை உண்டு, பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் பொரிப்பவர்களும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

தென்மேற்கில் மெக்சிகன்டவுன். வெர்னர் சாலையில் டாக்கோ வண்டிகளும் ரொட்டிக் கடைகளும் நல்லவை. அங்கேயும் சைவர்களுக்கு ஒரு பொறி உண்டு. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். "சைவமா" என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்பார்கள், மேலே துண்டு இறைச்சி இல்லையே என்ற அர்த்தத்தில். "பீன்ஸில் கொழுப்பு போடுகிறீர்களா, சோறு எந்தச் சாற்றில் வெந்தது" என்று பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே சொன்ன போலந்து சூப்புக்கும் இதே கேள்விதான். சீஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பானவர்கள் ரென்னெட் பற்றி, அதாவது பாலைச் சீஸாக உறைய வைக்கும் பொருளைப் பற்றிக் கேட்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான சீஸ் நுண்ணுயிர் வழி ரென்னெட்டில் உறைய வைத்தது, ஆனால் கடைக்குக் கடை மாறும். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மெஜானோவும் பெக்கரீனோ ரொமானோவும் விலங்கு ரென்னெட்டில் செய்தவை, அது நிச்சயம். பீட்சா மேல் தூவ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

டவுன்டவுனில் அமெரிக்கன், லஃபாயட் என்று ஒட்டினாற்போல, கோனி ஹாட்டாக் விற்கும் இரண்டு கோனி ஐலண்ட் கடைகள். கிரேக்கச் சகோதரர்கள் வழியில் வந்தவை, அமெரிக்கன் 1917இல் தொடங்கியது. எது உசத்தி என்று ஆலையில் சாப்பாட்டு மேஜையில் நடக்கும் வாதம் ஓய்ந்ததே இல்லை. மாட்டிறைச்சி சமாசாரம் என்பதால் நான் நடுவர் ஆக முடியாது. ஊரெங்கும் கோனி ஐலண்ட் என்ற பெயரில் இருக்கும் சின்னக் கடைகளில் பீட்ரூட் போட்ட கிரேக்க சாலட், முட்டை, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கிடைக்கும். நடுராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு அது போதும்.

விமர்சனங்களைப் படிப்பது பற்றி. ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிடுங்கள், மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் என்ன சாப்பிட்டோம் என்று எழுதுகிறார்கள். "சர்வர் சிரிக்கவில்லை, அரை மணி காத்திருந்தோம், பார்க்கிங் இல்லை" என்று குறை சொல்லி யாரும் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை என்றால், நான் அந்தக் கடைக்குப் போவேன். படங்களில் மெனுவைப் பாருங்கள். பீட்சா, பர்கர், பாஸ்தா, ஷவர்மா, பட்டர் சிக்கன் எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால் உறைபெட்டி பெரியது என்று அர்த்தம். சின்னக் கடைகள் பல திங்கட்கிழமை விடுமுறை, கிளம்புமுன் போன் பண்ணிக் கேளுங்கள். பில்லில் 6 சதவீத வரியும் நீங்கள் கொடுக்கும் 18 முதல் 20 சதவீத டிப்ஸும் சேரும், புதிதாக வந்தவர்களுக்கு அது கொஞ்சம் உறைக்கும். தோசைக் கடைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நோவை, கேன்டன், ட்ராய் பக்கம் நிறைய இருக்கின்றன, அவற்றை நம்மவர்கள் வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்பா அம்மாவுக்கு பீட்சா வேண்டாம். டியர்போர்னுக்கு அழைத்துப் போங்கள், வாரன் அவென்யூ. அல் அமீர் 2016இல் அமெரிக்கச் சமையல் உலகில் பேர்பெற்ற ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் அமெரிக்காஸ் கிளாசிக்ஸ் விருது வாங்கிய லெபனான் ஹோட்டல். அது கூட்டமாக இருந்தால் அதே சாலையில் வேறு கடைகளும் சோடை போகாது. சூடாக உப்பி வரும் ரொட்டி, ஹம்மூஸ், பூண்டுச் சாந்து, ஃபத்தூஷ் சாலட், எல்லாவற்றுக்கும் மேலாக முஜத்தரா. பருப்பும் உடைத்த கோதுமையோ அரிசியோ சேர்த்து வேகவைத்து, மேலே வெங்காயத்தைக் கருக வதக்கிப் போட்டது. காரம் இல்லாதது ஒன்றுதான் குறை, கைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தால் அதுவும் தீர்ந்தது. பருப்பு சூப் எந்தச் சாற்றில் செய்தது, ஃபலாஃபெல் பொரிக்கும் எண்ணெயில் கோழியும் போடுகிறார்களா என்ற இரண்டை மட்டும் ஆர்டர் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். அப்பாவுக்கு இனிப்பு பிடிக்குமானால் ஷடீலாவில் பக்லாவா வாங்கிக்கொள்ளலாம், அதே சாலைதான். சனி, ஞாயிறு சாயங்காலம் அங்கே நிற்க இடம் இருக்காது, மதியம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள்.